ஏழாம் எண் சிரிப்பு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கண்ணாடி அக்கா. மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர் இல்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்து வீட்டுக்காரர் கையில் கொடுக்கிற கண் அவளுக்கு. பதினான்கு வருஷமாக ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரார் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாள். அதனால் வந்த பெயர்.

அந்தக் கண்ணாடி ஒரு சுவர் அகலம். அந்தப் பக்கம் பெரிய அறை: வெள்ளை விளக்குகள், பன்னிரண்டு மெத்தை நாற்காலிகள், ஒரு பெரிய டிவி, தட்டில் பிஸ்கட். அங்கே உட்கார்ந்து பார்த்தால் அது முகம் பார்க்கிற கண்ணாடிதான். படம் போடும் முன்னால் எல்லாரும் அதில் தலையைச் சரிசெய்துகொள்வார்கள்; சிலர் பல்லில் சிக்கியதை நகத்தால் எடுப்பார்கள். இந்தப் பக்கம் இருட்டு அறை. நான்கு நாற்காலி, அந்த அறையில் பேசுவதைக் கேட்க ஒரு ஸ்பீக்கர், தாளுக்கு மட்டும் வெளிச்சம் விழும்படி கறுப்புக் காகிதம் சுற்றிய சின்ன விளக்கு. இங்கிருந்து பார்த்தால் அங்கே நடப்பதெல்லாம் மீன்தொட்டி மாதிரித் தெரியும். இதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை, இந்தப் பக்கம் இருட்டாக இருக்கவேண்டும். இங்கே லைட்டைப் போட்டால் மாயம் போய்விடும். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். அதனால் கதவோரத்து சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, சிவப்பு மையில் “தொடாதே” என்று எழுதிவைத்திருந்தார்கள். பதினான்கு வருஷத்தில் யாரும் தொட்டதில்லை.

விளம்பரம் எடுக்கிற கம்பெனிகள் அதை ஊருக்குக் காட்டும் முன்னால் இங்கே பத்துப் பேருக்குக் காட்டும். கடைசியில் ஒரு தாள் கொடுத்து அபிப்பிராயம் கேட்பார்கள். எல்லாரும் “நன்றாக இருந்தது” என்றே எழுதுவார்கள். பிஸ்கட் தின்றுவிட்டு, அன்பளிப்புப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு யார்தான் குறை எழுதுவார்கள். ஆகவே படம் ஓடும்போதே முகத்தைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். எந்த வினாடி, எந்த நாற்காலி, என்ன சிரிப்பு. அந்த ஆள் அவள்.

சிரிப்புகளுக்கு நம்பர் போட்டதும் அவள்தான். ஒன்று, பக்கத்து நாற்காலி சிரித்ததால் வந்த சிரிப்பு, சல்லிக்காசு பெறாது. இரண்டு, கூச்சச் சிரிப்பு. மூன்று, மரியாதைச் சிரிப்பு. உதடு மட்டும் போய்வரும், கண் வீட்டிலேயே இருக்கும். நான்கு, பிடித்துப்போன சிரிப்பு; கம்பெனிக்காரர்கள் தவம் கிடப்பது இதற்குத்தான். ஐந்து, பழசு ஞாபகம் வந்த சிரிப்பு. அதில் தலை லேசாக ஒரு பக்கம் சாயும். ஆறு, மாட்டிக்கொண்டவர் சிரிப்பு. கை தன்னால் பிடரிக்குப் போகும். ஏழு வரும்போது மட்டும் சிரிப்பவர் திரையைப் பார்க்கமாட்டார், பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். “நம்மள என்னன்னு நினைச்சிட்டான் இவன்” என்று கண்ணாலேயே கேட்கிற சிரிப்பு அது.

அவள் பள்ளி இறுதி வகுப்போடு நிறுத்தி, டைப்பிங் கற்றவள். இங்கே முதலில் சேர்ந்ததும் டைப் அடிக்கத்தான். ஒரு சலவைத்தூள் விளம்பரத்துக்குப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்த ஒலிநாடாவைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவள், “சார், இவங்க ரசிச்சு சிரிக்கல, அந்த மாமியாரைப் பார்த்து எரிஞ்சு சிரிக்கிறாங்க” என்றாள். அப்போதிருந்த மேலாளர் அதற்கும் சிரித்தார். எட்டு மாதத்தில் அந்தச் சலவைத்தூள் கடை அலமாரிகளில் தூசி படிந்து கிடந்தது. மேலாளர் கூப்பிட்டு இருட்டு அறை நாற்காலியைக் காட்டினார். அவர் போய், அடுத்தவர் போய், இப்போது இருப்பது மூன்றாவது மேலாளர். அவர் படிப்பை முடித்து ஆன வருஷங்கள் அவள் சர்வீஸில் பாதிதான்.

அந்த வருஷம் ஒரு கார் கம்பெனி வந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஓஹோ என்று ஓடி, பிறகு நின்றுபோன ஒரு காரை அதே பெயரில் மறுபடி இறக்கப்போகிறார்கள். அதற்குப் புது விளம்பரம் எதற்கு, பழசையே கலர் தேய்த்துப் போடுவோம் என்பது அவர்கள் யோசனை. மூன்று பழைய படங்கள். ஒன்றில் கார் மலைப்பாதை ஏறும். இன்னொன்றில் ஒரே காரிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் ஒரு கோழியும் இறங்கும். மூன்றாவதுதான் அந்தக் காலத்தில் தெருவெல்லாம் பாடிய படம். காலை நேரம். இரண்டு தடவை ஹாரன் சத்தம். மனைவி ஓடிவந்து இரும்புக் கேட்டைத் திறக்கிறாள். கணவர் தலையைச் சீவிக்கொண்டே காரை வெளியே எடுக்கிறார். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்து வாயைப் பிளக்கிறார். நண்பர்கள் இரண்டு பேர் ஏறிக்கொள்கிறார்கள். மனைவி கேட்டைச் சாத்தி, கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துச் சிரிக்கிறாள். “வந்தாச்சு வந்தாச்சு, வீட்டுக்கொரு ராஜா” என்று பாட்டு முடிகிறது. முப்பது வினாடி.

முதலில் ஆண்களுக்குப் போட்டார்கள். வரிசையாகத் தலைகள் சாய்ந்தன. தாள் முழுக்க ஐந்து. அடுத்த நாள் பெண்கள் பத்துப் பேர். மலைக்கு ஐந்து போட்டாள், கோழிக்கு நான்கு போட்டாள். மூன்றாவது படத்தில், கேட் சாத்துகிற இருபத்திரண்டாவது வினாடியில், நான்காம் நாற்காலி சொன்னது: “திறக்க ஒரு ஆளு, சாத்த ஒரு ஆளுன்னு சம்பளத்துக்கு வச்சா ரெண்டு பேரு வேணும். இவரு ஒருத்தியைக் கட்டிக்கிட்டே முடிச்சிட்டாரு.”

அறை அதிர்ந்தது. பத்தில் எட்டு நாற்காலி திரையை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தது. அவள் எட்டுக் கட்டங்களிலும் ஏழு போட்டாள்.

மறுநாள் மேலாளர் அவள் மேஜைக்கே வந்தார். அவருக்கு வேலை ஆகவேண்டும் என்றால் அக்கா என்பார். கோபம் என்றால் மேடம்.

“அக்கா, ஒரு சின்ன விஷயம். அந்த மூணாவது படத்துக்கு ஏழு போட்டிருக்கீங்க.”

“ஆமா, எட்டு பேர்.”

“கார்க்காரர் நேத்து எடுத்த வீடியோவைப் பார்த்துட்டாரு. பொம்பளைங்க எவ்வளவு சந்தோஷமா சிரிக்கிறாங்கன்னு அவருக்கு வாயெல்லாம் பல்லு. சின்ன வயசுல அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டே ஸ்கூலுக்குப் போனவராம். இப்பப் போயி அது கேலிச் சிரிப்புன்னு எப்படிச் சொல்றது?”

“கேலிச் சிரிப்புன்னு சொல்லுங்க.”

“அஞ்சுன்னு மாத்திருங்க அக்கா. அஞ்சும் சிரிப்புதானே.”

“தம்பி, அஞ்சுல தலை சாயும். அங்க ஒரு தலையும் சாயல.”

மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் வியாழக்கிழமை கடைசிப் பெண்கள் குழு. கார்க்காரர் நேரிலேயே வந்து இருட்டு அறையில் உட்கார்ந்து பார்க்கப்போகிறார். அன்றைய தாளில் ஏழு வரக்கூடாது. வந்தால் ஒரு வருஷத்து வேலை கைநழுவிப் போகும் என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்குத் தெரியாததா. அடுத்த மாசம் புதுசா ஒரு கேமரா வருது. முகத்தைப் பார்த்து அதுவே நம்பர் போட்டுரும். அப்புறம் அந்த நாற்காலிக்கு ஆள் வேணுமா வேணாமான்னு மேல கேப்பாங்க. நான் உங்களுக்காகப் பேசணும்னா நீங்களும் கொஞ்சம் ஒத்துப்போகணும்ல.”

“அந்தக் கேமராவுக்கு நம்பரை யாரு சொல்லிக்குடுக்கிறது?”

“உங்க பழைய தாளுங்கதான். பதினாலு வருஷத்தையும் அதுக்குள்ள ஏத்தறாங்க.”

“அப்ப தாளு சுத்தமா இருக்கணும்ல தம்பி. நான் பொய் எழுதினா அதுவும் பொய் படிச்சுட்டு உக்காந்திருக்கும்.”

“மேடம்,” என்றார் மேலாளர். “நீங்களே அந்தப் படத்தைச் சின்ன வயசுல ரசிச்சேன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

அது உண்மை. படங்கள் வந்த முதல் நாள் அவளே சொன்னதுதான். மேலாளர் எழுந்து போனார்.

அந்தப் படம் ஓடிய வருஷங்களில் அவள் அண்ணன் அதே காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான். கல்யாணம் ஆகாத தங்கச்சிக்குக் கேட் வேலை. இரண்டு ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். மூன்றாவது ஹாரன் வந்தால் அன்றைக்கு வீட்டில் அர்ச்சனை. இரண்டு வருஷம் அந்தக் கேட்டைத் திறந்து சாத்தினாள். பக்கத்து வீட்டு டிவியில் அந்த விளம்பரம் வரும்போது, அட, நம்ம வேலை டிவியிலயே வருதே என்று ஒரு பெருமைகூட இருந்தது. டவுனில் டைப்பிங் பரீட்சை எழுதவேண்டிய நாளில் அண்ணனிடம், “என்னையும் இறக்கிவிட்டுட்டுப் போண்ணே” என்றாள். “இடமில்லடி, கூட ரெண்டு பேரு வர்றாங்க” என்றான். அவளே கேட்டைத் திறந்தாள். கார் போனது. அவள் கேட்டைச் சாத்தினாள், இந்தத் தடவை வெளியே நின்றுகொண்டு. மூன்று மைல் நடந்துபோய்ப் பரீட்சை எழுதினாள். அந்தக் காரில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்காரர் தையல்காரர், பேன்ட் தைப்பதில் பெயர் எடுத்தவர். சாயங்காலம் கடையில் அவருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவர் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

“எந்தக் காரு, அந்தத் தவளை மூஞ்சிக் காரா? மழை பேஞ்சா உள்ள குடை பிடிக்கணுமே. அதையா மறுபடி விடறாங்க?”

“காரு கிடக்கட்டும். நான் என்ன செய்ய?”

“ஏழுக்கும் அஞ்சுக்கும் ரெண்டுதானடி வித்தியாசம். போட்டுத் தொலைச்சிட்டு வாயேன். நாற்காலி போச்சுன்னா இங்க வந்து பொத்தான் தைப்பியா?”

அவர் மடியில் கிடந்த துணியில் சாக்குக்கட்டியால் முப்பத்தாறு என்று எழுதியிருந்தது. அவள் அதைத் தொட்டுக் காட்டினாள்.

“இதை முப்பத்துநாலா வெட்டிக் குடுங்க. ரெண்டுதானே.”

மிஷின் நின்றது. “போட்டுக்கப்போறவன் பொத்தான் போடும்போது என்னைத் திட்டுவான்டி.”

“என்னைத் திட்ட ஆளில்லைன்னா மாத்திரலாமா? அந்த நாலாம் நாற்காலிப் பொம்பள என்னை நம்பியா சிரிச்சா? நான் யாருன்னே அவளுக்குத் தெரியாது. அவ சிரிச்சதை நான் மாத்தி எழுதினா, அவ வாயில வேற வார்த்தையைத் திணிச்ச மாதிரி.”

அவர் கொஞ்ச நேரம் நாடாவைச் சுருட்டினார், அவிழ்த்தார். “உன் இஷ்டம்,” என்றார். “பொத்தான் தைக்க வந்தா மட்டும் என்னை நம்பர் போடாதே. நான் சிரிக்கிறதே ரெண்டு விதம்தான்.”

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கார்க்காரர் வந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கோட்டு, பளபளவென்று முகம், கெட்டவர் என்று சொல்லமுடியாத மனிதர். இருட்டு அறையில் மேலாளர் அவருக்கு நாற்காலி தள்ளிக் கொடுத்தார். அவள் தன் மூலையில், தன் விளக்கடியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்துப் பெண்கள். ஒரு டீச்சர், ஒரு நர்ஸ், பேங்கில் வேலை பார்க்கிற இருவர். ஏழாம் நாற்காலியில் குட்டைமுடி வைத்த ஒரு பெரிய அம்மா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே இருபது வருஷம் ஆகிறது என்று தாளில் எழுதியிருந்தாள்.

மலை ஓடியது, கோழி இறங்கியது. பிறகு இரண்டு ஹாரன்.

கார்க்காரர் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார். அவர் தலை அழகாக ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் சாயவில்லை. கேட் சாத்தும்போது ஏழாம் நாற்காலி கேட்டது: “அந்தம்மா எப்ப வண்டியில ஏறும்?”

டீச்சர் சொன்னாள்: “அடுத்த படத்துல கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்.”

பத்து நாற்காலியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நர்ஸ் சிரித்த சிரிப்பில் பிஸ்கட் தூள் பறந்தது.

“பாருங்க, பாருங்க,” என்று கார்க்காரர் தொடையைத் தட்டினார். “என்ன ஒரு சந்தோஷம். எவ்வளவு காசு குடுத்தாலும் இது கிடைக்குமா?”

அவள் பத்துக் கட்டங்களிலும் ஏழு போட்டாள். மேலாளர் இருட்டில் எட்டிப் பார்த்தார். கையை நீட்டினார்.

“மேடம், அதை இப்படிக் குடுங்க.”

“கையெழுத்துப் போட்டுட்டுத் தர்றேன்.”

“என்ன விஷயம்?” என்றார் கார்க்காரர்.

மேலாளர் வாயைத் திறக்கும் முன் அவள் சொன்னாள். “சார், நீங்க பாக்கறது அஞ்சு. அவங்க சிரிக்கிறது ஏழு. உங்க படத்தைப் பார்த்துச் சிரிக்கல, உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.”

கார்க்காரர் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. “அம்மா, நீங்க எழுதறவங்க. அவங்க மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சிரிச்சா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். நான் இருபத்தஞ்சு வருஷமா காரு விக்கறேன்.”

“நான் ரெண்டு வருஷம் அந்தக் கேட்டைத் திறந்திருக்கேன் சார்.”

“நீங்களே ரசிச்சீங்கன்னு...” என்று ஆரம்பித்தார் மேலாளர்.

“ரசிச்சேன் தம்பி. உள்ள நின்னு பார்க்கிற வரைக்கும் ரசிச்சேன்.”

கார்க்காரர் கையை வீசினார். “தாளை அப்புறம் சரிபண்ணிக்கலாம். யாரு வந்து கேக்கப்போறா?”

அவள் எழுந்தாள். தாளை நாற்காலி மேல் வைத்தாள். கதவோரம் போய், சிவப்பு எழுத்துப் பிளாஸ்திரியை நகத்தால் ஓரத்தில் கிளப்பி, பதினான்கு வருஷப் பசையோடு உரித்தெடுத்தாள். மேலாளர், “அக்கா, அக்கா” என்று பாதி எழுந்திருந்தார். அவள் சுவிட்சைப் போட்டாள்.

குழல்விளக்கு இரண்டு தடவை கண்சிமிட்டிப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பக்கம் ஒரு பெண் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பொட்டு இருந்த இடத்தில் திடீரென்று ஒரு கோட்டு போட்ட மனிதர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். அவள் பின்வாங்கிப் பக்கத்தவள் காலை மிதித்தாள். பத்துப் பேரும் திரும்பினார்கள். பக்கத்து அறையில் யாரோ எழுதுவார்கள் என்று அவர்களுக்கு முன்னமே சொல்லித்தான் உட்காரவைத்திருந்தார்கள். ஆனால் இப்படிப் படையெடுத்து வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கார்க்காரர் ஏதோ விளக்கினார். கையை ஆட்டினார், நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஸ்பீக்கர் ஒருவழிதான்; அந்தப் பேச்சு இங்கே கேட்கும், இந்தப் பேச்சு அங்கே போகாது. அவர் வாய் சத்தமில்லாமல் திறந்து திறந்து மூடியது. இத்தனை நாள் மீன்தொட்டி அந்தப் பக்கம் இருந்தது. இப்போது இந்தப் பக்கம். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரைவிங் ஸ்கூல் அம்மா எழுந்து வந்து கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். இரண்டு ஹாரன் மாதிரி.

“சார், நீங்கதான் அந்தக் காருக்காரரா?”

கார்க்காரர் தலையாட்டினார்.

“நல்ல காரு சார். நான் அதுலதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். கிளச்சு கல்லு மாதிரி இருக்கும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா முப்பது செகண்டா ஓடுது. எப்ப சார் வண்டியில ஏத்துவீங்க? புதுக் காருலயும் கேட்டுதானா?”

பின்னால் ஒன்பது பேரும் சிரித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத ஏழு. கார்க்காரர் அந்தச் சிரிப்பை முகத்துக்கு நேராக, இரண்டு முழம் தூரத்தில் பார்த்தார். வீடியோவில் இந்தப் பார்வை விழவில்லை. அங்கே அவர்கள் ஒருவரையொருவர்தான் பார்த்தார்கள். பதில் சொல்ல வாயெடுத்தார், கேட்காது என்பது ஞாபகம் வந்தது, சிரித்தார். அவர் வலதுகை தன்னால் பிடரிக்குப் போனது.

“கதவு திறந்துதான் இருக்கு சார்,” என்றாள் அவள். “அந்தப் பக்கம் போனீங்கன்னா பேசலாம்.”

அவர் போகவில்லை. லைட்டை அணைக்கச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தாளை எடுத்தாள். பத்துக் கட்டத்துக்குக் கீழே, பதினான்கு வருஷமாகக் காலியாகவே கிடந்த ஓரத்தில், ஒரு கட்டம் போட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கோட்டு, ஆறு என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டுத் தாளை நேராகக் கார்க்காரரிடமே நீட்டினாள்.

“திருத்தணும்னா திருத்திக்குங்க சார். ஆனா உங்க கையால, என் கையெழுத்துக்கு மேல திருத்துங்க. பார்க்கறவங்களுக்கு யாரு திருத்தினதுன்னு தெரியணும்.”

அவர் வாசித்தார். ஆறு என்றால் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் பிடரியிலிருந்து கையை எடுத்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

அரைமணி நேரம் கழித்து மேலாளர் அவள் மேஜைக்கு வந்தார். “நாளைக்கு நீங்க வரவேண்டாம் மேடம்,” என்றார்.

“எழுதிக் குடுங்க. லைட்டு போட்டதுக்காகன்னு காரணத்தையும் சேர்த்து எழுதுங்க. இல்லைன்னா ஒன்பது மணிக்கு வந்துருவேன். சாவி என்கிட்டதான் இருக்கு.”

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் ஒன்பது மணிக்கு வந்தாள். மறுநாளும் வந்தாள். பத்தாம் நாள் கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: மலையையும் கோழியையும் மட்டும் போடுகிறார்களாம், மூன்றாவது படம் வேண்டாமாம். ஏன் என்று ஒரு வரியும் இல்லை. மேலாளர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, நாம் கொடுத்த அறிக்கைக்குக் கிடைத்த மரியாதை இது என்றார். நாம் என்ற இடத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “அப்ப பொத்தானுக்கு வேற ஆளு பார்க்கணுமா?” என்றார்.

கேமரா இன்னும் வந்தபாடில்லை. லைட்டு போட்ட அந்த வாரமே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இருட்டு அறைக் குழல்விளக்கைப் அது மாட்டியிருந்த சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே சுவிட்ச் மட்டும் இருக்கிறது. பிளாஸ்திரி உரிந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. புதிதாக வருகிற கம்பெனிக்காரர்கள் சிலர் இருட்டில் தடவி அதைப் போட்டுப் பார்க்கிறார்கள், எதுவும் எரிவதில்லை. “என்னம்மா, லைட்டே இல்லையா?” என்று கேட்கிறார்கள்.

“இருந்துச்சு சார்,” என்கிறாள் அவள், தாளை எடுத்து முதல் கட்டத்தில் பேனாவை வைத்தபடி. “படம் ஆரம்பிக்குது, உக்காருங்க.”